மடக்குக்கத்திப் பற்று: சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு விசுவாசத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

மடக்குக்கத்தி என்பது, அலகைப் பிடிக்குள் மடித்து வைக்கத்தக்கதாகவும், சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ உடையவருக்குக் காயம் விளைவிக்காமல் கிடக்கத்தக்கதாகவும் செய்யப்பட்ட சிறு வெட்டுக்கருவியாகும். பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தின் எச்சமாக இதனைப் பேனாக்கத்தி என வழங்குவோரும் உளர். இக்கருவிக்கு இன்றைய நகர வாழ்வில் வாய்க்கும் வேலைகளை எழுதினால் அவை ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும்: கூரியரில் வந்த பெட்டியின் ஒட்டுநாடாவை அறுத்தல், ஆப்பிளைத் துண்டமிடுதல், பென்சில் சீவுதல், புதுச்சட்டையின் விலைச்சீட்டைக் கழற்றுதல். இவற்றைச் சில நூறு ரூபாய்க் கத்தியும் செய்யும். பல்லாயிரம் ரூபாய்க் கத்தியும் செய்யும். ஒட்டுநாடாவைப் பொறுத்தவரை வீட்டுச் சாவியே போதும். அவ்வாறிருக்க, அறிவும் வருவாயும் உடைய மனிதர் ஒருவர் ஒரே நிறுவனத்தின் கத்தியையே வாழ்நாள் முழுதும் வாங்குவதும், மாற்று நிறுவனத்தின் கத்தியைக் கையில் வாங்கிய உடனேயே, அதை விரிப்பதற்கு முன்பாகவே, உதட்டைப் பிதுக்குவதும் எதனால் நிகழ்கின்றன என்னும் வினா தமிழாய்வுலகில் உரிய கவனத்தைப் பெற்றதில்லை. அக்குறையை இயன்றவரை களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதற்கண் வரையறுத்தல் மரபு. சமையலறை அரிவாள்மணை இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அதன்பால் வீட்டார் கொண்டுள்ள பற்று மறுக்கவொண்ணாதது எனினும், அப்பற்று அதைச் சீராகக் கொண்டுவந்த பாட்டியைச் சேருமேயன்றி எந்த நிறுவனத்தையும் சேராது. பிறரை அச்சுறுத்துவதற்கென வாங்கப்படும் கத்திகளும் விலக்கப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்வதற்கு அரசு ஊதியம் பெறும் துறை ஒன்று ஏற்கெனவே உண்டு. ‘பற்றாளர்’ என்னும் சொல்லும் விளக்கத்துக்குரியது. ஒரு கத்தி வைத்திருப்பவரெல்லாம் பற்றாளர் ஆகார். ஒரே நிறுவனத்தின் மூன்றாவது கத்தியை வாங்கி வருகையில், முன்னைய இரண்டும் ஏன் போதவில்லை என்பதற்கு வீட்டாரிடம் உலோகவியல் காரணம் கூறுபவர் எவரோ அவரே ஈண்டுப் பற்றாளர் எனப்படுவார்.

இப்பற்றுக்குக் காரணம் தரமே என்பது பற்றாளரின் ஒருமித்த வாக்குமூலம். வாக்குமூலம் என்பதனாலேயே அது ஐயத்துக்குரியதாகிறது. தரம் என்று அவர்கள் குறிப்பது பெரும்பாலும் எஃகின் கடினத்தை. அதனை அளப்பது ராக்வெல் முறை, அதாவது கூம்பு வடிவ வைர முனையைக் குறிப்பிட்ட சுமையோடு எஃகின்மேல் அழுத்தி, அது இறங்கும் ஆழத்திலிருந்து எண் ஒன்றைப் பெறும் முறை. சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் நிறுவனக் கத்தி அலகு இவ்வளவையில் ஏறத்தாழ 56 என்ற நிலையில் நிற்க, அமெரிக்க நிறுவனங்களின் விலையுயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டிச் செல்கின்றன. குறைந்த எண்ணுக்கு உரியவர்கள் தம் கத்தியை எளிதில் தீட்டிவிடலாம் என்கின்றனர். மிகுந்த எண்ணுக்கு உரியவர்கள் தம் கத்தியை அடிக்கடித் தீட்ட வேண்டியதே இல்லை என்கின்றனர். இரு கூற்றும் மெய்யாதலின் இவ்வழக்கில் எவரும் தோற்க வழியில்லை. தோல்விக்கு வாய்ப்பில்லாத வாதம் தலைமுறைகளைக் கடந்து வாழும் என்பது தருக்க நூலார் அறிந்தது. இரு தரப்பாரின் கத்தியும் ஆண்டு முழுதும் ஒட்டுநாடாவை மட்டுமே அறுத்திருக்கின்றன என்பது இவ்வாதத்தில் எவராலும் எழுப்பப்படுவதில்லை.

தரக் கொள்கைக்கு வேறொரு பெரும் இடையூறும் உண்டு. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் குரூசிபிள் எஃகு நிறுவனம், உருகிய எஃகைப் பொடியாகத் தூவி, அப்பொடியை மீண்டும் அழுத்திக் கட்டியாக்கும் முறையில், கத்திகளையே மனத்தில் கொண்டு எஸ்30வி என்னும் எஃகை உருவாக்கியது. 2021இல் அதே முறையில் மேக்னாகட் என்னும் எஃகு வந்தது. இவற்றை வாங்கி அலகாக்கியது ஒரு நிறுவனம் அன்று; ஒன்றையொன்று போட்டியாகக் கருதும் பல நிறுவனங்கள். எனவே எதிரெதிர் முகாம்களின் அலகுகள் ஒரே ஆலையில் பிறந்து, வெவ்வேறு முத்திரை தாங்கி, வெவ்வேறு சட்டைப்பைகளில் குடியேறின. தரமே பற்றுக்குக் காரணமாயின், ஒரே எஃகு இருவரிடமும் வந்த அன்றே பற்றாளர்கள் சமாதானம் செய்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, எஃகு ஒன்றாயினும் அதைச் சூடேற்றிக் குளிர்விக்கும் பதம் வேறு என்று கூறி வாதத்தை உலையின் வெப்பநிலைக்கு மாற்றிக்கொண்டனர். பதம் எஃகின் தன்மையை மாற்றும் என்பது உண்மையே. ஆனால் அந்த மாற்றத்தை ஒட்டுநாடா உணர்ந்ததாகச் சான்றில்லை.

ஆகவே விடையைக் கத்தியில் தேடாமல் கத்தி வாங்கியவரின் நெஞ்சில் தேடுதல் வேண்டும். இதற்கு உதவும் சோதனையொன்றை அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956இல் வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் வீட்டுச் சாதனங்கள் பலவற்றைக் காட்டி ஒவ்வொன்றையும் மதிப்பிடச் செய்து, பின்னர் இரண்டைக் காட்டி, விரும்பிய ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, மீண்டும் மதிப்பிடக் கேட்டபோது, எடுத்துக்கொண்ட சாதனத்தின் மதிப்பு ஏறியும் விட்டுவிட்ட சாதனத்தின் மதிப்பு இறங்கியும் காணப்பட்டன. இரண்டும் ஏறக்குறைய ஒத்த மதிப்புடையனவாக இருந்தபோது இவ்விளைவு மேலும் வலுத்தது என்பதே நம் ஆய்வுக்கு உயிர்நிலையான செய்தி. ஒன்று தெளிவாக உயர்ந்ததாயின் தேர்ந்தவருக்கு மனவுறுத்தல் இல்லை. இரண்டும் சமமாயின், ஏன் இதை எடுத்தோம் என்னும் கேள்வி இரவில் வந்து நிற்கிறது. அதனை அடக்கக் காரணங்கள் தேவைப்படுகின்றன. காரணங்கள் திரளத் திரள அவை கொள்கையாக இறுகுகின்றன. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதிய நூல் இம்மனவுறுத்தலை அறிதல் முரண் என்னும் பொருள்படும் பெயரால் கோட்பாடாக்கிற்று. இதனின்று இக்கட்டுரை வகுத்துக்கொள்ளும் கருதுகோள் வருமாறு: இரு கத்திகளுக்கு இடையே வேறுபாடு எவ்வளவு சிறியதோ, அவ்வளவு பெரியதாகும் அவற்றைக் கைக்கொண்டோருக்கு இடையிலான வேறுபாடு.

இக்கருதுகோளை உரைத்துப் பார்க்கச் சுவிட்சர்லாந்தைப் போன்ற களம் வேறில்லை. அந்நாட்டு இராணுவம் 1889ஆம் ஆண்டின் புதிய துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதற்கும், தகரப்பெட்டியில் அடைத்த உணவைத் திறப்பதற்கும் ஏற்ற ஒரு கத்தியை வீரர்க்கு வழங்க முடிவுசெய்து, ‘மாதிரி 1890’ என்று அதற்குப் பெயரிட்டது. அலகு, திருப்புளி, டின் திறப்பான், துளையூசி ஆகிய நான்கும் கருமரப் பிடியில் அமைந்த அக்கத்தியை வேண்டிய எண்ணிக்கையில் செய்து தரும் ஆற்றல் அன்று எந்தச் சுவிஸ் பட்டறைக்கும் இல்லாமையால், முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. சுவிஸ் இராணுவக் கத்தியின் முதற்பிறப்பு ஜெர்மனியில் நிகழ்ந்தது என்னும் இவ்வரலாற்றுண்மையைச் சுவிஸ் கத்திப் பற்றாளர்கள் அறிவர். அறிந்தும், வம்சாவளியின் முதற்பக்கத்தை விரைந்து புரட்டுவோர் போல அடுத்த ஆண்டுக்குச் சென்றுவிடுவர். அடுத்த ஆண்டில், அதாவது 1891இல், ஷ்வீஸ் மாநிலத்தின் ஈபாக் என்னும் ஊரில் 1884 முதல் பட்டறை நடத்திவந்த கார்ல் எல்செனர், உடன்தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி அக்கத்தியை உள்நாட்டிலேயே செய்து கொடுத்தார். சோலிங்கனின் எந்திரங்கள் அதையே மலிவாகச் செய்தமையால் உடனிருந்தோர் விலகினர். எல்செனர் கடனில் அமிழ்ந்தார். மீண்டு வந்தவர், 1897 ஜூன் 12 அன்று, பின்புற வில் ஒன்றே இருபுறக் கருவிகளையும் தாங்கும் அமைப்பினால் இரண்டாம் அலகையும் தக்கைத் திருகியையும் சேர்த்த மெலிந்த கத்தி ஒன்றைப் பதிவுசெய்து, அதற்கு அதிகாரிகளின் கத்தி என்று பெயர் வைத்தார். இராணுவம் அதை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. வேண்டியவர் தம் காசில் வாங்கிக்கொண்டனர். மதுப்புட்டி திறக்கும் தக்கைத் திருகி வீரனின் கத்தியில் இல்லாமல் அதிகாரியின் கத்தியில் மட்டும் இருந்தமை, சமூகவியலார் தனியே ஆராயத்தக்கது.

1909இல் தாயார் விக்டோரியா மறைந்தபின் எல்செனர் அவர் பெயரையே தம் தொழிலுக்குச் சூட்டினார். 1921இல் துருவேறா எஃகு வந்தபோது அதன் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமான ‘இநாக்ஸ்’ அதனோடு ஒட்டிக்கொண்டு விக்டோரிநாக்ஸ் ஆயிற்று. இதற்கிடையில் பிரெஞ்சு மொழி வழங்கும் யூரா பகுதியின் டெலேமோன் நகரில் வெங்கர் என்னும் நிறுவனம் வளர்ந்து இராணுவத்துக்குக் கத்தி அளிக்கலாயிற்று. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் ஜெர்மன் மொழியார்க்கும் பிரெஞ்சு மொழியார்க்கும் இடையே மனத்தாங்கல் வரும் என்றெண்ணிய அரசு, 1908இல் பாதிக்குப் பாதி எனப் பங்கிட்டுக் கொடுத்தது. ஒரு குடியரசு தன் ஒற்றுமையைக் காக்க எடுத்த இம்முடிவு, உலகெங்கும் சட்டைப்பைகளை இரண்டாகப் பிரித்த விந்தையை அவ்வரசு எதிர்பார்த்திருக்க முடியாது. விக்டோரிநாக்ஸ் தன் கத்தியை ‘ஒரிஜினல்’ என்றும், வெங்கர் தன்னுடையதை ‘ஜெனுயின்’ என்றும் விளம்பரம் செய்துகொண்டன. அசல் என்பதற்கும் மெய்யானது என்பதற்கும் இடையே உள்ள நூலிழையில் நூறாண்டு வணிகம் நடந்தது.

இனி, இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். விக்டோரிநாக்ஸின் முத்திரையில் சிலுவை கேடயத்துக்குள் நிற்கிறது. மற்றதில் முனை மழுங்கிய சதுரத்துக்குள் நிற்கிறது. முன்னதன் அதிகாரிக் கத்தி 91 மில்லிமீட்டர், மற்றதனுடையது 85. முன்னதன் கத்தரிக்கோலைத் திறக்கவைப்பது தனியே செருகிய மெல்லிய வில், அது முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மற்றதில் அத்தகைய வில் இல்லாமலே நெம்புகோல் போன்ற அமைப்பு அவ்வேலையைச் செய்கிறது, வெட்டுவாயில் சிறு பற்களும் உண்டு. இவை பொறுத்துக்கொள்ளத்தக்க வேறுபாடுகள். பொறுக்கவொண்ணாதது டின் திறப்பான். விக்டோரிநாக்ஸின் டின் திறப்பான் தகர மூடியின் விளிம்பில் முன்னோக்கி வெட்டிச் செல்லும். வெங்கரின் நகவடிவான திறப்பானோ எதிர்த்திசையில் வெட்டும். ஒரு முகாமில் பழகிய கை மற்றொரு முகாமின் கத்தியைப் பிடித்தால், திறக்க வேண்டிய டின் திறவாமல் சுழல்கிறது. பழகாத கையைக் குறைசொல்ல மனமின்றிக் கத்தியைக் குறைசொல்லுதல் மனித இயல்பு. சிறு வேறுபாடுகளின் தற்காதல் என்று ஃபிராய்டு கூறியது, அதாவது மிக நெருங்கிய இனத்தார் தமக்குள் உள்ள அற்ப வேறுபாட்டையே பிடித்துக்கொண்டு பகைப்பது, இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும். ஃபிராய்டு டின் திறந்ததாகக் குறிப்பில்லை.

இங்குக் கருதுகோளைச் சற்றே திருத்துவது தேவையாகிறது. வேறுபாடு சிறிதாயிருத்தல் மட்டும் போதாது; அது கற்றுக்கொள்ள வேண்டியதாகவும் இருத்தல் வேண்டும். ஒரு கத்தியைப் பயன்படுத்த எந்தத் திறமையும் தேவையில்லையாயின் அதைக் கைவிடுவதில் இழப்பும் இல்லை. கற்ற வித்தை அந்த ஒரு கத்திக்கு மட்டுமே செல்லுபடியாகும் எனில், அக்கத்தியைத் துறப்பவர் தம் கல்வியையும் துறக்கிறார். பிரான்சின் சவோயா மலைப்பகுதியில் 1890இல் ஜோசஃப் ஒப்பினெல் வடித்த கத்தி இதற்குத் தக்க சான்று. புங்கையோ தேக்கோ அன்று, பீச் மரத்தாலான எளிய உருண்டைப் பிடியும் ஓர் அலகும் கொண்ட அக்கத்தியின் மரம் ஈரத்தில் உப்பும். உப்பினால் அலகு உள்ளே இறுகி, நகக்குழியில், அதாவது அலகை இழுத்துத் திறக்க நகத்தை வைக்கும் பள்ளத்தில், எவ்வளவு இழுத்தாலும் வராது. பிற பொருள்களில் இது பழுது எனப்பட்டுப் பணம் திரும்பக் கேட்கப்படும். ஒப்பினெல் பற்றாளரோ பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்ட, அலகு தானாகத் தலைநீட்டுகிறது. சவோயர் தட்டு என்றே இதற்கு ஒரு பெயர் வழங்குகிறது. புதிதாய் வந்த ஒருவர் முன்னிலையில் இத்தட்டைத் தட்டிக் காட்டும் பற்றாளரின் முகத்தைக் கண்டவர்கள், நிறுவனம் அக்குறையை நீக்கிவிடாதிருப்பதன் வணிக நுட்பத்தை உணர்வர்.

இதே கத்தி 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் வெளிவந்தது. 1930களில் மிகச் சிறியதான 1ஆம் எண்ணும், 10க்கும் 12க்கும் இடையே தனக்கெனக் காரணம் காட்ட முடியாத 11ஆம் எண்ணும் நிறுத்தப்பட்டன. பத்துக்குப் பின் பன்னிரண்டு வருவது ஏன் என்று அறிந்தவர் ஒருவகை. அறியாதவர் மற்றொரு வகை. 1955இல் மார்சல் ஒப்பினெல், அலகு கைமேல் மடங்காதபடி கழுத்தில் சுழலும் பூட்டு வளையத்தை அமைத்தார். அதற்கு முற்பட்ட கத்தியை வைத்திருப்போர், விரல் தப்பியதைத் தம் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகின்றனர். கரி மிகுந்த எஃகில் செய்த அலகு எலுமிச்சையோ தக்காளியோ பட்டால் கறுக்கும். அந்தக் கறையைத் துடைக்க முயல்வோர் கடுகு விழுதையும் காடியையும் வேண்டுமென்றே பூசிக் கறுப்பை வரவழைக்கும் பற்றாளரைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். பாத்திரத்தில் இதே கறை இருந்தால் இதே மனிதர் சாப்பிட மறுப்பார் என்பது வேறு செய்தி.

கையால் கற்பது இவ்வாறிருக்க, கண்ணால் கற்பதற்கான பெருநூல் அமெரிக்காவில் உள்ளது. பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் இயங்கும் கேஸ் நிறுவனம், 1970 முதல், அலகின் அடிக்கட்டில், அதாவது பிடிக்குள் மறையும் முன் அலகு தடித்து நிற்கும் பகுதியில், நிறுவனப் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கொரு புள்ளியாகக் குறைத்துவந்தது. எனவே 1970இன் கத்திக்குப் பத்துப் புள்ளி. 1979இன் கத்திக்கு ஒன்று. 1980இல் எழுத்து மின்னல்போல் வளைந்து மீண்டும் பத்துப் புள்ளிகளோடு தொடங்கிற்று. கத்தியில் உள்ள எண்ணுக்கும் பொருளுண்டு: 6254 என்பதில் முதல் எண் பிடி எலும்பால் ஆனது என்பதையும், அடுத்தது அலகு இரண்டு என்பதையும், எஞ்சியவை டிராப்பர் என்னும் வடிவத்தையும் குறிக்கும். மனிதனின் கருவிகளுள் கல்வெட்டுப் படிக்கும் பயிற்சி தேவைப்படும் கருவி இது ஒன்றே எனலாம். ஆண்டை நேரடியாக எண்ணில் பொறித்திருக்கலாமே எனின், பொறித்திருந்தால் அதைப் படிக்க யாராலும் இயலும். யாராலும் இயல்வதைக் கொண்டு எவரும் பற்றாளராவதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கத்தியைக் கண்ணருகில் கொணர்ந்து புள்ளி எண்ணும் முதியவரிடம், அக்கத்தியால் எதையேனும் வெட்டியதுண்டா என்று கேட்பது அநாகரிகம்.

பெயருக்கு உரியவர் எவரும் இல்லாவிடில் பற்று என்னாகும் என்பதற்கும் சான்று கிடைக்கிறது. பிரான்சின் அவேரோன் பகுதியிலுள்ள லாயோல் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும், வில்லின் தலையில் தேனீ உருவம் பொறித்த கத்தி, ஒரு நிறுவனத்துக்கு உரியதன்று. எவரும் அப்பெயரில் செய்யலாம் என்றாகி, தொலைநாடுகளிலிருந்தும் வந்து குவிந்தது. 1993இல் அவ்வூரைச் சாராத வணிகர் ஒருவர் அப்பெயரைத் தம் வணிகக் குறியாகப் பதிவுசெய்துகொள்ள, வழக்குகள் நீண்டு, 2012இல் ஊர்மக்கள் தம் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றி எதிர்ப்புத் தெரிவித்தனர். லாயோல் பற்றாளர்களுக்கு ஆதலால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சுமை உண்டு: தம் கத்தியைப் போற்றுமுன், அது லாயோல் என்று பெயர் கொண்ட லாயோலா, லாயோலில் பிறந்த லாயோலா என்பதை நிறுவியாக வேண்டும்.

முத்திரையின் ஆற்றல் வெட்டும் ஆற்றலைச் சாராதது என்பதனை மார்க் ட்வெயின் 1876இலேயே கண்டிருந்தார். அவருடைய டாம் சாயர், வேதவாக்கியங்களை ஒருவாறு ஒப்பித்ததற்குப் பரிசாகப் பார்லோ வகைக் கத்தியைப் பெறுகிறான். அக்கத்தி எதையும் வெட்டாது, ஆயினும் அசல் பார்லோ என்பதால் அவன் மகிழ்ச்சி குறைவதில்லை. அலமாரியைச் செதுக்கிப் பார்க்கத் தொடங்குகிறான். பிரெம் எண்பது ஆண்டு கழித்துச் சோதனைக் கூடத்தில் கண்டதைவிட இது ஒரு படி மேலானது. ஏனெனில் இங்குக் கத்தி தன் கடமையில் முற்றிலும் தவறியும் பற்று சேதமின்றி நிற்கிறது.

அற்றேல், நாள்தோறும் கத்தியை வேலைக்குப் பயன்படுத்தும் உழவரும் மரவேலைக்காரரும் மீனவரும் ஒரு நிறுவனத்தையே நாடுவதில்லையோ எனின், நாடுவர். ஆனால் அவர்தம் நாட்டம் வேறு. கத்தி முனை முறிந்தால் அவர்கள் கடைக்குச் சென்று, முன்னது இருந்தால் முன்னதையும், இல்லையேல் அருகிலிருப்பதையும் வாங்கி மாலைக்குள் வேலையை முடிப்பர். அதனைப் பற்று என்னாது பழக்கம் என்க. பற்றாளரின் கத்தி முனை முறிவதில்லை. முறியத்தக்க வேலை அதற்குக் கொடுக்கப்படுவதே இல்லை. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை தன் தலைமையான முடிவாகக் கருதுகிறது: கத்திக்கு வேலை குறையும்தோறும், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் பற்று குடியேறுகிறது. நாளெல்லாம் கயிறு அறுப்பவனுக்குக் கத்தியின் வில் எழுப்பும் ஓசை காதில் விழாது. அறுக்க ஒன்றுமில்லாதவனே அலகு மூடும்போது எழும் ‘டக்’ ஒலியைச் சுவைத்து, அதில் உயர்வு தாழ்வு கற்பித்து, அதற்கு நடையும் பேச்சும் என்று பொருள்படும் கலைச்சொல்லும் படைத்துக்கொள்கிறான். நடை என்பது அலகு தடையின்றி நகரும் மென்மை, பேச்சு என்பது அது முடிவில் எழுப்பும் ஒலி.

இம்முடிவின் எல்லைநிலையைக் காண்பதற்கு இரும்புப் பெட்டகத்தைத் திறக்க வேண்டும். ஒரே கத்தியை இரண்டாக வாங்கி, ஒன்றைப் பயன்படுத்தவும் ஒன்றைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கவும் செய்வோர் பற்றாளரில் பலர்; பின்னதைப் பெட்டக அரசி என அவர்கள் அழைக்கின்றனர். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் விலைமிக்க கத்தி ஒன்றுக்குச் செபென்சா என்று பெயர். சூலு மொழியில் அதற்கு வேலை என்று பொருள். வேலையின் பெயர் தாங்கிய இக்கத்திகளுள் எத்தனை ஒருநாளேனும் வேலைக்குச் சென்றன என்பதை அவற்றின் உடையவர்களே அறிவர். 2006இல் வெங்கர் நிறுவனம் தான் அதுவரை செய்த கருவிகளையெல்லாம் ஒரே பிடியில் திரட்டி, 87 கருவிகளும் 141 செயல்களும் உடைய கத்தி ஒன்றைச் செய்தது. எந்தச் சட்டைப்பையிலும் நுழையாத அச்சட்டைப்பைக் கத்தியை வாங்கவும் ஆள் இருந்தனர்.

தமிழ் இலக்கண மரபில் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் வகுத்துள்ளனர். காதலிக்கப்படும் நிறுவனம் காதலிப்பவர் இன்னார் என அறியாமையால் கத்திப் பற்று கைக்கிளையுள் அடங்கும். மாத ஊதியத்துக்கும் கத்தியின் விலைக்கும் உள்ள உறவை நோக்கின் சிலருடையது பெருந்திணையுள் சேரும். நிறுவனம் தன் காதலரை முகமறியாதேயன்றி அவர் மனத்தை நன்கறியும் என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டியது. அதே கத்தியை வேறு நிறப் பிடியோடு, குறைந்த எண்ணிக்கையில், ஓராண்டு மட்டும் விற்பது அவ்வறிவின் வெளிப்பாடேயாம்.

இனி இறுதிச் சான்று. 2001 செப்டம்பர் 11க்குப் பின் விமானத்தில் கத்தி கொண்டுசெல்லத் தடை வர, விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த சுவிஸ் கத்தி விற்பனை சரிந்தது. நலிவுற்ற வெங்கரை 2005இல் விக்டோரிநாக்ஸ் வாங்கிற்று. சில ஆண்டுகள் இரண்டு பெயரும் அருகருகே நின்றன. 2013இல் வெங்கர் கத்தி என்னும் பெயர் நிறுத்தப்பட்டு, அதன் சில கத்திகள் டெலேமோன் தொகுப்பு என்னும் பெயரில் எதிரியின் முத்திரையோடு வெளிவந்தன. வெங்கர் என்னும் பெயர் கைக்கடிகாரங்களுக்கும் முதுகுப்பைகளுக்கும் சென்றது. போரிட ஒரு தரப்பே எஞ்சிய பின் போர் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது கோட்பாடு. மாறாக, நிறுவனமே இல்லாத நிலையில் வெங்கர் பற்று மாசுமறுவற்றதாயிற்று: இனி புதுக் கத்தி ஏமாற்றம் தர வாய்ப்பில்லை, விலையேற்றம் மனத்தை வருத்த வாய்ப்பில்லை, உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டனரோ என்னும் ஐயத்துக்கும் இடமில்லை. பழைய 85 மில்லிமீட்டர்க் கத்திகளைத் தேடி வாங்குவோர், அதன் டின் திறப்பான் வெட்டிய திசையே சரியான திசை என்பதை முன்னிலும் உறுதியாகக் கூறுகின்றனர்.

மேலாய்வுக்குரிய களங்கள் சில எஞ்சியுள்ளன. பற்றாளரின் மனைவியர் இவ்விருவகைக் கத்தியையும் வேறுபடுத்தி அறிவரா என்பதும், அறிந்தும் அறியாதவர் போல் இருப்பரா என்பதும் கள ஆய்வுக்கு உரியவை. அதைவிட நெருக்கடியான சிக்கல் ஒன்று உண்டு: இன்றைய டின்களில் பெரும்பாலானவை இழுத்துத் திறக்கும் வளையத்தோடு வருகின்றன. அவ்வளையத்தை எத்திசையில் இழுப்பது முறை என்பது குறித்து இதுவரை இரு முகாம்கள் உருவாகவில்லை. உருவாகும் நாளில், அதற்கென ஒரு மடக்குக் கருவி விற்பனைக்கு வந்திருக்கும்.